இரத்தினசிங்கம் நடந்து காட்டிய நாள்

நோபல் பார்க் வாழ் புலம்பெயர் தமிழ்ப் பெருமக்கள் அனைவரும் அறிய வேண்டியது: பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர், பொன்னாடைகள் பல கண்டவர், திருவாளர் இரத்தினசிங்கம் அவர்களுக்கு ஒரு நோய்வருத்தமும் இல்லை. கால் கொஞ்சம் விறைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த அறிக்கையைத் தொலைபேசியில் சுகம் கேட்பவர்களுக்கு வாசித்து வாசித்து மனைவி யோகாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. உண்மை வேறு. நரம்பைத் தின்னும் நோய் பாதத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டியிருந்தது. இனி இடுப்பு, கை, கடைசியில் மூச்சு என்று டொக்டர் ரயில் நிலையங்களைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தார். கை போவதற்குள் மின்சாரச் சக்கர நாற்காலி வந்தாக வேண்டும். விரலால் ஓட்டிப் பழக வேண்டும். ஆளைக் கட்டிலிலிருந்து தூக்க ஓர் இயந்திரமும் வேண்டும். இப்போதைக்கு அந்த இயந்திரம் யோகாதான். அவளுடைய முதுகும் கிறீச்சிடத் தொடங்கியிருந்தது.

அரசாங்கம் கொடுக்கும். ஆனால் ஒருவர் வீட்டுக்கு வந்து, இவரால் என்ன ஏலும், என்ன ஏலாது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். வரப்போகிறவள் தொலைபேசியில் தமிழிலேயே பேசினாள். பெயர் பிரவீணா தேவராஜா. தமிழ்ப் பிள்ளை வருகிறது, இனிப் பயமில்லை என்று யோகா சாமிக்கு விளக்கேற்றினாள்.

இரத்தினசிங்கத்தின் காதில் தகப்பன் பெயர் மட்டுமே விழுந்தது. தேவராஜா, சங்கத் தேர்தலில் இவரிடம் தோற்றவர். அதை இவர் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்கமாட்டார் என்பது இவர் நம்பிக்கை.

அன்று காலை அவர் கட்டிலை விட்டு அசையவில்லை. பலத்தைச் சேமித்தார். யோகா குனிந்து அழுத்தித் தேய்த்த காற்சட்டையை மாட்டிவிட்டாள். சக்கரம் வைத்த கழிப்பறைக் கதிரையைக் கராஜுக்குள் தள்ளச் சொன்னார். விருந்தாளி வரும் வீட்டில் அதைப் பார்வைக்கு வைக்க அவளுக்கும் மனம் வரவில்லை. தள்ளிவிட்டு வந்து ரோல்ஸ் பொரித்தாள்.

மணி அடித்தது. இரத்தினசிங்கம் எழுந்து நின்றார்.

எழுந்தவர் நடந்தார். சுவரில் அவர் கை ஊன்றிய இடமெல்லாம் வியர்வை ஈரம். கதவைத் திறந்தார், சிரித்தார், அப்பா சுகமோ என்று கேட்டார். போதாததற்குக் குசினிக்குப் போய்த் தேநீர்க் கோப்பையைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையில் தேநீர் நடுங்கியதை யோகா மட்டும் பார்த்தாள்.

"பிள்ளை, இதைப் பாத்து எழுதாதையுங்கோ," என்றாள். "அவரால ஏலாது. இரவில நான்தான் தூக்கிறனான்."

"இவ சும்மா பயந்தவ," என்று இரத்தினசிங்கம் மேடைச் சிரிப்பொன்றை உதிர்த்தார்.

பிரவீணா பேனாவை மூடி வைத்தாள். "அங்கிள், நான் பாக்கிறதையும் நீங்கள் சொல்லுறதையும்தான் எழுதலாம். பாத்ரூமுக்குத் தனியப் போறீங்களோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

நல்ல மனுசி. ஒரு கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஓம், தனியத்தான். எழுதுங்கோ. அப்பாவிட்டையும் சொல்லுங்கோ, இரத்தினசிங்கம் எழும்பி வந்து கதவு திறந்தவர் எண்டு."

யோகா அவர் முகத்தைப் பார்த்தாள். தேர்தல் முடிவு அறிவித்த அன்று இருந்த அதே முகம். வெளி ஆளுக்கு முன்னால் அதற்குமேலும் புருசனைப் பொய்யனாக்கும் வழக்கம் அவள் பிறந்த வீட்டில் இல்லை. ரோல்ஸ் தட்டை நகர்த்தி, எடுங்கோ பிள்ளை என்றாள்.

பிரவீணாவின் கார் தெருமுனையில் திரும்பும்வரை அவர் வாசலில் நின்று கையசைத்தார். பிறகு கதவைச் சாத்தினார். பிறகு விழுந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே முடிவு வந்தது: ஆள் நடமாடுகிறார், சக்கர நாற்காலி இப்போதைக்கு அவசியமில்லை, ஊன்றுகோல் அனுப்பப்படும். யோகா மறுபரிசீலனை கேட்டிருக்கிறாள். பார்க்க வேறொருவர் வருவாராம். எப்போது என்று சொல்லவில்லை. ஊன்றுகோல் மட்டும் வந்து சேர்ந்தது. அதைப் பிடிக்க அவருடைய விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

பிரவீணா தன் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. வேலையில் பார்த்ததை வீட்டில் பேசக்கூடாது என்பது அவளுடைய அலுவலகச் சட்டம்.