பெயர் போடாத பட்டன்

மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் சில்வெஸ்டர் ஷேவ் செய்துகொண்டுதான் வேலைக்கு வருவான். போனில் முகமா தெரியப்போகிறது?

அவன் வேலை பார்த்தது, வீட்டுத் தண்ணீர் பில்லை இணையத்தில் கட்ட ஒரு தளம் நடத்தும், அடுகோடிப் பகுதியில் இருந்த ஒரு கம்பெனியில். சந்தேகம் கேட்பவர்களுக்குப் போனில் பதில் சொல்வதும், தளத்தில் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வதும் அவன் வேலை. மாதாமாதம் முதல் வாரத்தில் அல்சூரிலிருந்து கூப்பிடும் அலர்மேல்மங்கைக்குக் கண் தெரியாது. முதல் தடவை கன்னடத்தில் ஆரம்பித்தவள், அவன் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினாள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவளிடம் இருந்தது. இந்தத் தளத்துக்கு வந்தால் மட்டும் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று உளறும். பட்டன்களெல்லாம் வெறும் படங்கள். ஒன்றுக்கும் உள்ளே பெயர் எழுதி வைக்கவில்லை. எத்தனையாவது பட்டன் என்று அவன் எண்ணிச் சொல்ல வேண்டும்.

"பக்கத்து வீட்ல குடுத்துக் கட்டலாமே மேடம்?"

"கட்டலாம். அப்புறம் நான் எத்தனை வாட்டி குளிக்கிறேன்னு தெருவே பேசும்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு ஒரு மாதத்துக்குப் போதவில்லை.

"மச்சா, உன் தண்ணி மேடம்டா!" என்று பக்கத்து இருக்கை ரகுராம் கத்துவான். கத்தல் மேனேஜர் சுந்தரராமன் காதுக்கும் போனது.

"மாசாமாசம் அந்தம்மாவுக்குக் கதை சொல்றதுக்கு, எல்லா பட்டனுக்கும் பேர் போட்டுத் தொலையேன்ப்பா."

போட்டான். பணம் கட்டும் பட்டனை மட்டும் விட்டுவிட்டான். தெரிந்துதான் விட்டான்.

அடுத்த மாதம் அவள் குரல் துள்ளியது. "சில்வெஸ்டர், எல்லாம் பேசுதுங்க! கடைசில ஒண்ணு மட்டும் வாயே திறக்கல. அமுக்கலாமா? பணம் எங்கயாவது போயிடுமோன்னு பயமா இருக்கு."

அமுக்குங்க என்றால் போதும். அடுத்த மாதமும் கூப்பிடுவாள்.

"ஒரு நிமிஷம் மேடம்." பெயரை எழுதி ஏற்றினான். "இப்ப முதல்லேர்ந்து வாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"லைன்ல இருப்பீங்கல்ல?"

"இருக்கேன்."

விசைகள் தட்டும் சத்தம் வந்தது. வழக்கமாக அவனிடம் கேட்கும் இடங்களையெல்லாம் அவள் நிற்காமல் கடந்து போனாள். கடைசியில் அவன் எழுதியதை இயந்திரக் குரல் படித்தது: "பே நவ்." ஒரு தட்டு.

"கட்டிட்டேன்," என்றாள். அவனிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எந்த அழைப்பையும் ஒரே கேள்வியோடு முடிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கேட்டான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இல்லைங்க," என்றாள் சந்தோஷமாக. "இனிமே எதுவும் வேணாம்."