பெயர் வெட்டிய தூக்குவாளி

விசிறியைப் போட்டது நான். கூண்டுக் கதவைக் கட்டாமல் விட்டதும் நான். இரண்டையும் வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் என்னையும் பொற்கொடியையும் தவிர ஆளில்லை. மனைவி தலையில் பழியைக் கட்டுகிற தைரியம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை.

போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பு என்னுடையது. நாலரைக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு முந்தல் செக்போஸ்டைத் தாண்ட முடியும். பதினெட்டு வருடமாக அப்படி எழுகிறேன். அதற்காக நான் முழித்துக்கொண்டு எழுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு எழுந்து சோலியைப் பார்க்கும். நான் வந்து சேருவது முந்தலுக்கு மேலே மூன்றாவது வளைவில்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அப்படி நான் இல்லாத நேரத்தில், என் கை லவ் பேர்ட்ஸ் கூண்டில் தினையைப் போட்டுவிட்டுக் கதவுக் கம்பியை முறுக்காமல் விட்டிருக்கிறது. புழுக்கமாக இருக்கிறதே என்று விசிறியையும் தட்டியிருக்கிறது. டொக்கென்று ஒரு சத்தம். பச்சைப் பெட்டை சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. மூன்றாவது வளைவு வரைக்கும் போகத் தேவையில்லாமல் நான் அங்கேயே முழித்துக்கொண்டேன்.

கூண்டுக்குள் தொங்குகிற மண்கலயத்தில் ஐந்து குஞ்சுகள். ஒருநாள் விட்டு ஒருநாள் பொரித்தவை. மூத்ததற்குப் பதினோரு நாள், கடைக்குட்டிக்கு மூன்று நாள். உரித்த பூண்டுக்குத் தலை வைத்த மாதிரி இருக்கும். இந்தப் பறவைகளில், குஞ்சு சின்னதாக இருக்கும்வரை சேவல் பெட்டைக்கு ஊட்டும், பெட்டை குஞ்சுக்கு ஊட்டும். இப்போது நடுவிலிருந்த ஆள் போய்விட்டது. நீலச் சேவல் தொண்டை நிறைய இரையை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கலயத்து வாயில் உட்கார்ந்திருந்தது. குஞ்சு கத்தினால் உள்ளே தலையை விடும், வெளியே எடுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் ஜீப்பை எடுக்கவில்லை. பெண்களை இன்னொரு ஜீப்புக்காரன் கன்னையன் வண்டியில் ஏற்றிவிட்டேன். ராகிக் கஞ்சியைத் துணியில் வடித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். லாரி டயரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற கை. அதில் புளியங்கொட்டை அளவு வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தோளிலிருந்து நடுக்கம் எடுத்தது. சாயங்காலம் நாலாவது குஞ்சுக்குக் கஞ்சி மூச்சுக்குழலில் போய்விட்டது. ஒரு தும்மல் மாதிரி, அப்புறம் ஒன்றுமில்லை.

பொற்கொடி அதை ஒரு வெற்றிலையில் வாங்கிக்கொண்டாள். பெட்டையைப் புதைத்த முருங்கை மரத்தடிக்கே கொண்டுபோனாள். திரும்பி வந்து, "உங்க கையில விட்டா மிச்சமும் மிஞ்சாது. மாயக்கா வீட்டுப் பெட்டை குஞ்சு பொரிச்சிருக்குன்னீகள்ல, போன் போடுங்க" என்றாள்.

மாயக்காள் பூப்பாறைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறாள். தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றுகிற வரைக்கும் நான் கிடப்பது அவள் கடை பெஞ்சில்தான். போன வருடம் நான் கொடுத்த ஜோடியில் வெள்ளைப் பெட்டை இப்போது மூன்று குஞ்சோடு இருந்தது. கேட்டதும், "கொண்டா. அது சேத்தா சேக்கட்டும், கொத்திப் போட்டா என்னையக் கேக்கக் கூடாது" என்றாள்.

இனி அந்த வாளிக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன தீபாவளிக்குக் கன்னையன் தன் ஜீப்பில் வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தான். என் ஜீப்புப் பெண்கள் அந்தக் குடங்களைப் பார்த்த பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் நான் பதினான்கு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வளையம். பாத்திரக்கடைக்காரர், யார் பேரை வெட்ட என்று கேட்டார். பெறுகிறவர்கள் பெயரைத்தான் வெட்டுவார்கள். எனக்குள் இருந்த முதலாளி முந்திக்கொண்டு, "ஜக்கையன் ஜீப்பு சர்வீஸ், போடி" என்றான். பதினான்கிலும் அதையே வெட்டிக் கொடுத்தார். பதின்மூன்று பெண்களுக்குப் போக ஒன்று எங்கள் அடுப்படிக்கு வந்தது.

புதன்கிழமை காலை பொற்கொடி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அந்த வாளிக்குள் வைத்தாள். மேலே பழைய வேட்டித் துண்டு, அதன்மேல் நாலு குஞ்சு. காற்றுக்காக மூடியைச் சாய்த்து ஒரு ஈர்க்குச்சியைச் செருகினேன். என் ஜீப்பில் கியர்ப் பக்கத்து மேட்டில்தான் எல்லாருடைய சோற்று வாளியும் இருக்கும். எஞ்சின் சூட்டில் மலை ஏறுகிறவரை சோறு ஆறாது. மேலே சாரல், குளிர். குஞ்சுக்கும் அந்தச் சூடு நல்லது என்று நினைத்து, என் வாளியையும் அங்கேயே வைத்தேன். இதை என் மூளை செய்தது என்று சொல்ல ஆசைதான். அது இன்னும் முந்தலுக்கு வந்து சேரவில்லை.

பதினேழு கொண்டைஊசி வளைவில் அந்த ஈர்க்குச்சி எந்த வளைவில் விழுந்ததோ தெரியாது. தோட்டத்து வாசலில் மூடுபனி. பெண்கள் இறங்கினார்கள், கைக்கு வந்த வாளியை எடுத்தார்கள், போனார்கள். மேட்டில் ஒரு வாளி மிச்சமிருந்தது. மடியில் வைத்து அணைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டிப் போய் மாயக்காள் கடையில் இறங்கினேன்.

திறந்தால் சோறு. மேலே நெத்திலிக் கருவாடும் மாங்காயும்.

மாயக்காள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, குஞ்ச வறுத்தே கொண்டாந்துட்டியா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

பதின்மூன்று பெண்களில் யாருடைய வாளி என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. பதினெட்டு வருடமாக எஞ்சின் சூட்டில் கிளம்பி வருகிற குழம்பு வாசனையில்தான் வண்டி ஓட்டுகிறேன். கருவாட்டில் மாங்காய் போடுகிறவள் ஆயம்மாள் ஒருத்திதான். போன் போட்டுப் பார்த்தேன். தோட்டத்துக்குள் டவர் கிடைக்காது என்பது போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மூடி இறுகின வாளிக்குள் எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். கணக்கு எனக்கு எப்போதும் வந்ததில்லை. அன்றைக்கு வராததே நல்லதாகப் போயிற்று.

தோட்டத்துச் சூப்பர்வைசர் பாண்டித்துரை ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். ஆயம்மாள் கூட்டம் கீழ்க்காட்டில் காய் எடுக்கிறது என்றார். அங்கேதான் இன்றைக்கு மருந்தடிப்பு, போகாதே என்றும் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நின்று கேட்க நேரமில்லை.

ஏலச்செடி என் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. நடுவிலே ஓடுகிற வழியில் மண் வழுக்கியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், நானாக உட்காரவில்லை. காலில் அட்டை ஏறியது தெரிந்தது, குனிந்து எடுக்கத் தெம்பில்லை. முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணில் மருந்து நெடி ஏறிக் கரித்தது. பெண்கள் பைகளைக் கட்டித் தொங்கவிடுகிற மரத்தடிக்கு வந்தேன். பைகள் தொங்கின. வாளிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயர் பளபளத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சோறு, சோறு, சோறு. பன்னிரண்டு பேர் சோற்றைத் திறந்து பார்த்த ஆள் இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பதின்மூன்றாவது வாளி இல்லை.

"அண்ணே, இங்கிட்டு" என்று பானுப்பிரியாவின் குரல் கேட்டது. கூட்டத்திலேயே சின்னவள் அவள்.

மருந்து நெடி வராத மேட்டில், பாறை ஓரமாக ஆயம்மாள் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேலே புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டை. காய் போடுகிற பை காலடியில் காலியாகக் கிடந்தது. வாளியும் காலியாக இருந்தது.

"சத்தம் போடாம வா அப்பு" என்றாள். "இப்பத்தான் ஒறங்குதுக."

சட்டையின் நடுப் பித்தானைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே மடித்த முந்தானைக்குள் பூண்டு மாதிரி நாலு தலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"கஞ்சி குடிப்பம்னு வந்ததும் தெறந்தேன்" என்றாள். "சோறு கண்ண முழிச்சு என்னையப் பாத்துச்சு. சின்னதுதான் சில்லுன்னு கெடந்துச்சு. இப்பத் தேவலாம், ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குது. வெரசாக் கொண்டுபோ."

காலையிலிருந்து அவள் ஒரு காய் எடுக்கவில்லை என்று பானுப்பிரியா சொன்னாள். மருந்துக்காரர்கள் வந்ததும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியிருக்கிறாள். பாண்டித்துரை வந்து என்ன இது என்று சத்தம் போட்டபோது வாளியைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்: "எங்க டிரைவர் பெத்ததுக. நம்பலைன்னா பேரு வெட்டிருக்கு, பாருங்க." பாண்டித்துரையின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முந்தானைக்குள்ளிருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பானுப்பிரியாவின் துண்டை வாங்கி அதில் சுருட்டி என் சட்டைக்குள் வைத்தாள். சட்டைக்குத் தானே பித்தான் போட்டுவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சட்டை மாட்டிவிட ஆள் கிடைத்தது. மேடேறிப் பாதி வழியில்தான், அவளுடைய சோற்று வாளி டீக்கடை மேசையில் இருக்கிறது என்பது உறைத்தது. குஞ்சைத் தேடி ஓடினவனுக்கு, பட்டினி கிடக்கிற ஆளின் சோற்றைக் கையில் எடுக்கத் தோன்றவில்லை.

மாயக்காள் தயாராக இருந்தாள். வெள்ளைப் பெட்டை தினை தின்ன வெளியே வருகிறவரை இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். வந்ததும், அதன் வாடை ஏறட்டும் என்று கலயத்திலிருந்த மரத்தூளை நாலு குஞ்சின்மேலும் தடவி, அதன் குஞ்சுகளுக்கு அடியில் தள்ளினோம். கடைக்குட்டியை நடுவிலே வைத்தோம். பெட்டை திரும்பி வந்தது. கலயத்து வாயில் நின்று உள்ளே பார்த்தது. எங்களைப் பார்த்தது. வீட்டுக்குப் போனால் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்கிற முகம். பிறகு உள்ளே போனது.

கொத்தினால் கீச்சென்று ஒரே சத்தம்தான் வரும், அதோடு முடிந்துவிடும். மாயக்காள் காதைக் கூண்டோடு ஒட்டிவைத்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். காத்திருந்தேன் என்று சொன்னால் பொய், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

அவள் தோளைத் தட்டி எழுப்பினபோது மணி இரண்டரை. கூட்டிப்போய், பெட்டை வெளியே இருந்த நேரத்தில் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். என் குஞ்சுகளில் மூன்று பெரியவற்றின் கழுத்துப் பை பிதுங்கிக்கொண்டு நின்றது. கடைக்குட்டியை அவள் விரலால் மெல்லத் திருப்பினாள். அதன் கழுத்திலும் வெள்ளையாக, ஓர் ஏலவிதை அளவுக்கு, இரை தெரிந்தது.

"அதுக்குத்தான் மொத ஊட்டு. நான் பாத்தேன்" என்றாள். "நாளைக்கும் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு இருக்கு."

மூன்று மணிக்கு ஜீப்பில் ஏறினபோது மற்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆயம்மாள் மட்டும் கேட்கவில்லை. நான் அவளுடைய வாளியை நீட்டி, "நாலுக்கும் வயிறு நெறஞ்சிருக்கு ஆத்தா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாளியைத் திறந்தாள். காலையில் ஆக்கின சோற்றை, பதினேழு வளைவிலும் சிந்தாமல் தின்றுகொண்டே இறங்கினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் மலை இறங்கினதில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொற்கொடி கூண்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். கதவுக் கம்பி மூன்று முறுக்கு முறுக்கியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கூண்டைக் காட்டினாள். நீலச் சேவல் வெறும் கலயத்துக்குள் போயிற்று, வந்தது. மறுபடியும் போயிற்று. கலயத்து வாயில் அரைபட்ட தினை, கக்கிக் கக்கிக் காய்ந்து கிடந்தது.

"காலையில இருந்து இதேதான் பண்ணுது" என்றாள். "நேத்து முச்சூடும் ஊட்டத் தெரியாம இருந்துச்சு. இன்னைக்குப் பழகிருச்சு."

எனக்கு நின்றபடியே கண் சொருகியது. சாப்பிடவும் தோன்றவில்லை. இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தால் என்று ஆரம்பித்தேன். கடைக்குட்டி அந்த ஒருநாள் பொறுத்திருக்காது என்று அவள் முடித்துவிட்டாள்.

"நாளைக்கு இதையும் மேல கொண்டுபோங்க" என்றாள். "அந்தக் கூண்டுக்குப் பக்கத்துல தொங்க விடுங்க. சத்தமாவது கேக்கட்டும். குஞ்சுக பெருசானப்புறம் மாயக்காட்டக் கேட்டு ஒண்ண இது கூட விடலாம்."

சரி என்றேன். அவள் அடுப்படிக்குப் போகத் திரும்பினாள், நின்றாள்.

"வாளியில வேணாம். கூண்டோட கொண்டுபோங்க."