பெயருக்கான கட்டம்

குழந்தை உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு. இன்றுதான் கடைசி நாள். கஸ்தோரியா நகராட்சிப் பதிவு அலுவலகத்தை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். மணி ஒன்றரை.

ஸ்மராக்தா ஏழு மாத மகனை இறுக்கிக்கொண்டாள். வீட்டில் பால் மாவு டப்பாவின் அடிக்கு வந்துவிட்டது.

"பேரு என்னம்மா?" என்றாள் எழுத்தர் பாகோனா.

"இன்னும் ஞானஸ்நானம் ஆகல மேடம். இவன் அப்பா செத்துப்போய் இன்னும் வருஷம் திரும்பல. துக்கம் முடியட்டும்னு மாமியார் சொல்றாங்க. அதுவரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிடறோம்."

"பாப்பாவுக்கெல்லாம் அரசாங்கம் பணம் தராது."

"ஃபாதர் வெச்சாத்தானே மேடம் பேரு?"

"ஊரே இதையேதான் சொல்லுது! ஃபாதர் தண்ணியில முக்குவார், அவ்வளவுதான். பேரு பதியறது இந்த மேசை. அப்பா இல்லன்னா அம்மா சொன்னாப் போதும். கோயில் சமாசாரம் வாசலுக்கு அந்தப் பக்கம்."

பாகோனாவின் தலைக்கு மேலே மாதா படம் தொங்கியது.

ஸ்மராக்தா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஞானஸ்நானத்துக்கு முன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் சாவு அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்பார்கள். அதிலும் அவள் மகனுக்கு நினைத்திருந்தது அவன் அப்பாவின் பெயர். அந்தப் பெயரைத் தேடிச் சாவு ஏற்கெனவே ஒருமுறை வந்துபோயிருக்கிறது.

"எழுதிக் குடுக்கட்டுமா?"

"குடு. மணியாகுது."

எழுதிய தாளை மடித்துச் சன்னலுக்குள் தள்ளினாள். பாகோனா தட்டச்சு செய்து முடித்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"மேடம், வேண்டாம்..."

"படிச்சுக் காட்டணும்மா. விதி." கணீரென்று படித்தாள். "ஆண் குழந்தை. பெயர், ஆர்கிரிஸ்."

குழந்தையின் கை அசைவு நின்றது. ஸ்மராக்தா அதன் மூக்கருகே விரலை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வைத்தாள். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

"இங்க கையெழுத்து. விண்ணப்பத்துலயும் பேரை எழுது. இன்னைக்குத் தேதியிலயே வாங்கிக்கறேன்."

முத்திரை விழுந்தது. பாகோனா பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேலதிகாரியின் கதவு மூடியிருந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குழந்தையின் பக்கமாக மூன்று முறை துப்புவது போல் செய்தாள்.

"தூ, தூ, தூ. கண்ணு படாம இருக்கட்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போ. வழியில பேரைச் சொல்லிக் கூப்பிடாத."