கீழே வைத்த கிண்ணம்

வேன் கதவு திறந்ததும் முஸ்னா சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள். தொப்பி இல்லாமல் மணலில் இறங்காதீர்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். பெண்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்றிய செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காது. வந்திருந்த எட்டு வெள்ளைக்காரர்களும் சட்டென்று தங்கள் காலைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். பதினோரு வருடமாக அந்த இடத்தில்தான் சிரிக்கிறார்கள். எங்கே சிரிப்பார்கள் என்பதுகூடத் தெரிந்துபோன வேலை எவ்வளவு அலுப்பு என்பது செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷன் தலாக் சொல்லி அனுப்பியபோது, அண்ணன் ஹிலைஸ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏசி இருந்த ஒரே அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளோடு கூடத்தில் படுத்தான். மணல்காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டில் காபியும் பேரீச்சையும் கொடுக்கும் தொழிலை அவன் ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். வந்தவர்களிடம் பேசிப் பேசியே அவள் ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். எங்கெங்கிருந்தோ வருகிறவர்களுக்கெல்லாம் பயணத்துக்கு வழி சொல்கிறவள், தன் ஊர் பிதியாவின் கடைத்தெருவைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

போன மாதம் நிஸ்வா நகரத்திலிருந்து கடிதம் வந்தது. சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பாடம் நடத்தும் வேலை, தங்க அறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று வெள்ளி. அண்ணனிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். முதல் தடவை "பாக்கலாம்" என்றான். இரண்டாம் தடவை "சீசன் முடியட்டும்" என்றான். மூன்றாம் தடவை ஒட்டகங்களைப் பார்க்கக் கிளம்பிப் போனான். அவன் கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

இன்னொரு முடிச்சு அண்ணி ஸயானா. நாலு பிள்ளைகள், சமையல், ரொட்டி என்று அடுப்படியோடு கிடக்கிறவள். விருந்தாளிகள் முன்னால் வரவே மாட்டாள். பேரீச்சைத் தட்டைத் திரைச்சீலை வரைக்கும் கொண்டுவந்து நீட்டுவாள், முஸ்னா வாங்கிக்கொள்வாள். காலையில் மாவு பிசைந்துகொண்டே அண்ணி சொன்னாள்.

"நீ போயிட்டா என்னைத்தான் இழுத்துட்டு வந்து அங்க உக்கார வைப்பாரு. எனக்கு வாங்கன்னுகூட வாய் வராது, முஸ்னா."

"அப்ப போகாதேங்கிறீங்களா அண்ணி?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று அண்ணி மாவைப் புரட்டிப் போட்டாள். போ என்றும் சொல்லவில்லை.

விருந்தாளிகள் ஓலைக் குடிலில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் அவர்களை வேனில் கூட்டிவந்த சுஹைல் சித்தப்பா. வெள்ளிக்கிழமை என்பதால் ஹிலைஸே வெள்ளை அங்கி போட்டு, இடது கையில் காபிக் கூஜாவும் வலது கையில் கிண்ணங்களுமாக நின்றான். முஸ்னா வீட்டார் பக்கம் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னாள். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டுங்கள், இல்லாவிட்டால் என் அண்ணன் சாயங்காலம் வரை ஊற்றுவான். நிறைந்த கிண்ணத்தை மட்டும் குடிக்காமல் கீழே வைக்காதீர்கள். வைத்தால், ஏதோ கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெண் கேட்பதும், கொலைக்கு மன்னிப்பு கேட்பதும் இப்படித்தான். வீட்டுக்காரர் 'குடி, கேட்டது உனக்கு' என்று சொல்ல வேண்டும். விருந்தாளி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்குப் பெரிய அவமானம்.

விருந்தாளிகளில் ஒரு கிழவர், தான் கீழே வைத்திருந்த கிண்ணத்தைப் பதறி எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். முஸ்னா சிரிக்கவில்லை. பதினோரு வருடமாகத் தான் சொல்லிவந்ததை அன்றைக்குத்தான் அவள் காதில் வாங்கினாள். வீட்டுப் பெண் ஊற்றுவாள், எடுத்துவைப்பாள், கழுவுவாள். கீழே வைக்க அவளுக்கென்று ஒரு கிண்ணம் கிடையாது.

எழுந்து பின்பக்கமாகப் போனாள். பேரீச்சைக்குப் போகிறாள் என்று ஹிலைஸ் நினைத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வேலியைச் சுற்றி நடந்து, முன்வாசலில் வந்து நின்று ஸலாம் சொன்னாள். வாய் பழக்கத்தில் ஹிலைஸ் பதில் ஸலாம் சொல்லிவிட்டான். அவள் விருந்தாளி வரிசையின் கடைசியில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டினாள்.

"என்ன கூத்து இது?"

"விருந்தாளி வந்திருக்கேன். ஊத்து அண்ணே."

வந்தவர்களுக்காகப் பண்ணும் வேடிக்கை என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டே ஊற்றினான். அவள் வாங்கி, பாயின் மேல் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பேரீச்சை மென்றுகொண்டிருந்த சித்தப்பாவின் வாய் நின்றுபோனது.

"எடு, முஸ்னா."

"எடுக்க மாட்டேன்."

"வீட்டுப் பொண்ணுக்கு எங்கடி இருக்கு இந்த வழக்கம்?"

"முன்வாசல் வழியா வந்தேன். ஸலாத்துக்கு பதில் சொன்ன. ஊத்தவும் ஊத்திட்ட."

"ஊத்தினதை நானும் பாத்தேன்டா," என்றார் சித்தப்பா, தாடியைத் தடவிக்கொண்டு. "ஜும்ஆ தொழுகை முடியறதுக்குள்ள பிதியா பூராத் தெரிஞ்சிரும். சொல்லாம இருக்கத்தான் பாப்பேன். ஆனா என் வாய் எனக்குத் தெரியாதா?"

ஹிலைஸின் முகம் கறுத்தது. கோபம் இல்லை, மாட்டிக்கொண்டவன் முகம். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தான், உயர்ந்துவிட்டது. "நீ போயிட்டா இவங்ககிட்ட யாரு பேசறது? ஸயானாவா? அவளா?"

திரைச்சீலை அசைந்தது. பேரீச்சைத் தட்டோடு ஸயானா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திரையைத் தாண்டி வந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் போடும் துணி முகமூடிக்குள் கண் தரையை விட்டு எழவில்லை. தட்டை நடுவில் வைத்துவிட்டு, விருந்தாளிகளின் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்து, முஸ்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவு ஒட்டியிருந்த வலது கையை நீட்டினாள். நீட்டிய கைக்கு ஊற்றியே பழகியவன் ஊற்றினான். அவள் அந்தக் கிண்ணத்தை முஸ்னாவின் கிண்ணத்தை ஒட்டிக் கீழே வைத்தாள்.

முஸ்னா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் போகவிடச் சொல்லி வைத்தாளா, போகவிடாமல் நிறுத்த வைத்தாளா? அண்ணியின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன வேணும்?" என்றான் ஹிலைஸ்.

அந்த வீட்டில் அண்ணியிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு முஸ்னா கேட்டதில்லை. கேட்டவனுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், கூஜா சரிந்து அதன் மூக்கிலிருந்து காபி அவன் வெள்ளை அங்கியில் சொட்டியதை அவன் கவனிக்கவில்லை. ஸயானா இரண்டு கிண்ணங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகமூடியின் கீழ்விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.