பெஞ்சுக்குத் தீனி போட்டது யார்

தன் வீட்டில் ஒரு திருடர் இருக்கிறார் என்று எடை ஆய்வாளர் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதல் நாளைவிட நாயின் எடை எண்பது கிராம் கூடியிருந்தது.

நாய் டாஷண்ட் ஜாதி. உடம்பு நீளம், கால் குட்டை, காது மட்டும் ஏதோ பெரிய நாயிடம் இரவல் வாங்கியது போலத் தொங்கும். பூங்காவில் போட்டிருக்கும் மர இருக்கைக்கு உயிர் வந்தது போல இருந்ததால் பெஞ்சு என்று பெயர் வைத்தார்கள். அது திரைச்சீலைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மீதி உடம்பு அத்தனையும் வெளியே கிடக்க, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும். தும்மினால் அந்தத் தும்மலுக்கே பயந்து சோபாவுக்கு அடியில் ஓடும். பசி எடுத்தால் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு அறை அறையாக ஊர்வலம் போகும். பசி அதற்கு எப்போதும் எடுக்கும்.

சிரித்துக்கொண்டிருந்த வீட்டில் சிரிப்பு நின்றது, ஒருநாள் சோபாவிலிருந்து இறங்கும்போது அதன் இடது பின்னங்கால் இழுத்தபோதுதான்.

"இந்த ஜாதிக்கு முதுகுதான் சார் பலவீனம்" என்றார் நாய் டாக்டரம்மா. "இவ்வளவு நீளத்துக்கு நடுவுல முட்டுக் குடுக்க ஒண்ணுமில்ல பாருங்க. இப்ப பதினொரு கிலோ இருக்கான். ஆறு வாரத்துல ஒரு கிலோவாவது இறங்கணும். இல்லேன்னா ஒருநாள் காலைல எழுந்திருப்பான், பின்னங்கால் ரெண்டும் எழுந்திருக்காது. படி ஏற விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க. மூணு வாரம் கழிச்சுக் காட்டுங்க."

அன்று இரவு ஆய்வாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அளப்பது. இருபத்திரண்டு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பவர். தட்டுக்கு அடியில் காந்தம், தட்டுக்கு மேல் கட்டைவிரல் எல்லாம் பார்த்துப் பழுத்தவர். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட எதற்குச் சொல்கிறான் என்று யோசிப்பார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அது அபாண்டம். மாலை வணக்கத்துக்குத்தான் யோசிப்பார்.

மறுநாளே மேடைத் தராசு ஒன்றை வாங்கி வந்து ஹாலில் வைத்தார். ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் தராசு. பெஞ்சு அதன் மேல் ஏறினால்தானே. ஏற்றிவிட்டால் இறங்கி ஒயரைக் கடித்தது. மறுபடி ஏற்றினால் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறியச் சொன்னது. கடைசியில் ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாக்கெட்டில் சீஸைச் சிறுசிறு சதுரங்களாக நறுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றை மூக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தால், பெஞ்சு பின்புறத்தை அழுத்தி உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் மடக்கித் தூக்கிக்கொண்டு சிலையாகிவிடும். ஆனாலும் வாயில் விழுந்த பிறகுதான் எண் ஆடாமல் நின்றது. துண்டின் எடை நான்கு கிராம். மனிதர் நேர்மையானவர் என்பதால், ஒவ்வொரு முறையும் அந்த நான்கு கிராமைக் கழித்தே சுவரில் ஒட்டிய தாளில் எழுதினார்.

தாளில் எண்கள் இறங்காமல் ஏறின. செவ்வாய்க்கிழமை எண்பது கிராம் ஒரேயடியாகத் தாவியபோதுதான் ஆய்வாளருக்குள் இருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

சந்தேகப்பட வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி மனைவி, கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் பார்வையைச் சோதிப்பவள். இன்னொருவர் மாமனார். முப்பது வருடம் ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்று, இப்போது மகளோடு இருப்பவர். வேலை முடிந்தும் ஏறி இறங்குகிற யோகம் விடவில்லை. லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குத் தினமும் நான்கு முறை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் அவர்தான்.

முதலில் தீனி டப்பா. மூடியில் கம்பி கோத்து, கடைத் தராசுக்கு வைப்பது போலவே ஈய முத்திரை அழுத்தினார் ஆய்வாளர்.

"நாய்க்குச் சோறு வைக்கணும்னா ஆபீசுக்கு மனு போடணுமா?" என்றாள் மனைவி.

"நான் இருக்கும்போது வைக்கலாம்."

"நீங்க இருக்கும்போது நாங்களே பயந்துகிட்டுதான் சாப்பிடறோம்."

பிறகு சமையலறை வாசலில் மாவு தூவிப் பார்த்தார். விடிந்ததும் கிடைத்தது ஒரே ஒரு ஆளின் காலடி. அது அவருடையது. சோதனையின்போது பதிந்தது என்று ஒதுக்கிவிட்டார். சந்தேகம் வளர வளர எடை பார்ப்பதும் வளர்ந்தது. வேலைக்குப் போகுமுன் மூன்று, மதியம் சாப்பிட வந்தால் மூன்று, படுக்குமுன் இரண்டு, மாலையில் மாமனார் நாயோடு வெளியே போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று. நடுவில் எங்காவது கொடுத்திருந்தால் தெரிந்துவிடுமே. நான்கு கிராம் கழிவு போட மட்டும் ஒருபோதும் மறக்கவில்லை.

இரண்டாவது வார முடிவில் மாமனாரின் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் இருந்தது. துவைக்கப் போட்ட சட்டை. ஆய்வாளர் அதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"மாமா, இது என்ன?"

மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "தூள் மாப்ள."

"என்ன தூள்?"

"நல்ல தூள்."

"விளையாடாதீங்க மாமா. அவனுக்குக் காலு போகப் போகுது. தெரிஞ்சுமா குடுக்கறீங்க?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஏங்க, யார்கிட்ட என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தராசு பொய் சொல்லாதும்மா."

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆய்வாளருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மேஜைக்கு அடியில் காலித் தட்டை உருட்டிக்கொண்டிருந்த பெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"நான் சின்னவ வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன் மாப்ள. நான் இல்லாம எடை இறங்கிச்சுன்னா, நான்தான் திருடன். அப்புறம் அங்கேயே இருந்துக்கறேன்."

மறுநாள் காலை ஒரு பையோடு கிளம்பினார். பெஞ்சு தன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் நின்றது. தானும் நடைக்குப் போகிறோம் என்று அதற்கு எண்ணம். கதவு மூடிய பிறகும் கவ்விய கயிற்றை விடாமல் மதியம்வரை அங்கேயே நின்றதாக, அன்று விடுப்பில் இருந்த மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுக் கணவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மனைவி பேசாததால் நேரம் நிறையக் கிடைத்தது. அவர் இன்னும் அடிக்கடி எடை பார்த்தார்.

அந்த வாரம் எடை நூறு கிராம் ஏறியது.

ஆய்வாளர் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். மாமனார் இல்லை. மனைவி பகல் முழுக்கக் கடையில். முத்திரை உடையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை ஒரு நிமிடம் சந்தேகப்பட்டார், அவருக்கு நாய் என்றாலே ஒவ்வாமை. தராசைச் சந்தேகப்பட்டார், சோதனைக் கல் வைத்துப் பார்த்தார், அது சொக்கத் தங்கம். கடைசியில் பெஞ்சையே சந்தேகப்பட்டார். அது திரைச்சீலைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒளிந்திருந்தது.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் மூவரும் போனார்கள். ஆய்வாளரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல், நடுவில் பெஞ்சு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. காத்திருக்கும் அறையில் எடை பார்க்க ஒரு பெரிய தராசு இருந்தது. ஒரு பொமரேனியனை அதில் ஏற்ற அதன் சொந்தக்காரர் மன்றாடிக்கொண்டிருந்தார். ஒரு பக் நாய் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு ஒட்டிவிட்டது.

பெஞ்சு யாரும் சொல்லாமலே தராசில் ஏறியது. பின்புறத்தை அழுத்தி உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. ஆய்வாளரின் சட்டைப் பையைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டது.

அறை முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, எண்ணைப் பார்த்தார். "பதினொண்ணே கால். ஏறியிருக்கானே சார்." பிறகு நாயின் திறந்த வாயைப் பார்த்தார். "என்ன குடுத்துப் பழக்கினீங்க?"

"பழக்கல்லாம் இல்ல டாக்டர். அசையாம இருக்கறதுக்கு. சின்னதா, சீஸ். நாலு கிராம்தான். எடையிலேருந்து கழிச்சுடுவேன்."

"எடையிலேருந்து கழிச்சீங்க. வயித்திலேருந்து?"

ஆய்வாளரின் கை தன் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"பத்து. சில நாள் பதினாலு." கொஞ்சம் பொறுத்து, "இந்த வாரம் கொஞ்சம் கூட."

"இவன் சைஸுக்கு அது இன்னொரு சாப்பாடு சார். தினமும் ஒரு வேளைச் சோத்தை நீங்களே எக்ஸ்ட்ராவா போட்டிருக்கீங்க."

பொமரேனியன்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கடைக்காரர்கள் தன் முன்னால் நின்று விழித்த விழிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே தெரியாமல்தான் செய்திருப்பார்களோ என்று முதன்முறையாகத் தோன்றியது. மீதிப் பாதியைப் பற்றிய சந்தேகம் அப்படியே இருந்தது.

"முதுகு?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா பெஞ்சின் முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே போனார், பின்னங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "இப்போதைக்குத் தப்பிச்சான். இன்னும் ஆறு வாரம் தர்றேன். அந்த வீட்டுத் தராசை மொதல்ல யாருக்காவது குடுத்துடுங்க."

வெளியே வந்ததும் மனைவி ஒரு வாரத்தில் முதல்முறையாக அவரிடம் வாய் திறந்தாள். "என் கடைக்கு வாங்க. பக்கத்துல இருக்கறது உங்களுக்குத் தெரியல. நல்ல கண்ணாடியா பாத்துப் போட்டு விடறேன்." சொல்லிவிட்டுக் கைபேசியை அவர் கையில் திணித்தாள். "பேசுங்க."

மறுமுனையில் மாமனாரின் குரல். ஆய்வாளர் எல்லாவற்றையும் சொன்னார். சீஸ், நான்கு கிராம், பதினாலு தடவை. ஒரு எண்ணையும் குறைக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு முறை தொண்டைவரை வந்து திரும்பி, மூன்றாம் முறை வெளியே வந்தது.

மாமனார் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"மாப்ள, ஒரு விஷயம். அந்தப் பாக்கெட்ல இருந்த பிஸ்கட்டு அவனுக்குத்தான்."

"மாமா?"

"குடுக்கணும்னுதான் வச்சிருந்தேன். படி எறங்கும்போது மூஞ்சியைப் பாத்தா மனசு கேக்கல. பாதி வழில டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நானே தின்னுட்டேன். அங்கேருந்து கிளம்பற வரைக்கும் தெனமும் அப்படித்தான். எனக்குத்தான் மாப்ள ஒரு கிலோ ஏறியிருக்கு."

ஆய்வாளர் தெருவில் நின்றபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நானே வந்து கூட்டிட்டு வர்றேன் மாமா. இவனை மூணு மாடி தூக்க எனக்கு மூச்சு வாங்குது."

ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே டாக்டர். இந்த முறை ஆய்வாளரை உள்ளே வரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அவரைப் பார்த்தால் பெஞ்சு வாயைத் திறந்துகொள்கிறதாம். வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் ஒரு சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில், மனைவி பின்னால் வர, மாமனார் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒம்போதே முக்கால் மாப்ள. காலும் நல்லா இருக்குன்னாங்க."

அந்தத் தராசைக் கடைசியாக யார் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஆய்வாளர் அதைப் பல்லுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டார்.

"சரி மாமா" என்றார்.

மாமனார் நாயைத் தரையில் இறக்கிவிட்டார். அது நான்கு கால்களையும் ஊன்றி நின்றது, ஒரு தும்மல் தும்மியது, அந்தத் தும்மலிடமிருந்து தப்பித்து நான்கு கால்களாலும் தெருவில் ஓடியது. பின்னாலேயே மூன்று பேரும் ஓட வேண்டியிருந்தது.