சத்துணவு டீச்சர் தேர்தலில் நின்றது

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே, பழைய தலைவர் ராக்கன் தன் மனைவி உண்ணாமலையைப் போட்டோ ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். போஸ்டருக்குப் படம் வேண்டும். ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. மறுநாள் ரஞ்சிதா தானும் நிற்கப் போவதாகச் சொன்னபோதுதான் அதிசயப்பட்டார்கள்.

ரஞ்சிதா பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். ஊருக்கு அவள் சத்துணவு டீச்சர். பாடம் நடத்துவது அவள் வேலையில்லை. அரிசி, பருப்பு, முட்டையைச் சரிபார்த்து வாங்கி, சமையலர் இருளாயியைக் கொண்டு ஆக்கி, பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு போட வேண்டும். பல வருஷமாக அதை ஒழுங்காகச் செய்துவந்தாள். தேர்தலில் நிற்பதென்றால் அந்த வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். தோற்றால் திரும்பக் கிடைக்காது.

அவள் கணவன் வசந்தகுமார் மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பம் ஏறுகிறவன். பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று இரண்டு மூன்று ஆட்சியாகக் காத்திருந்தான். அந்த வீட்டில் பர்மனென்ட்டாக இருந்தது ரஞ்சிதா மட்டும்தான்.

"எதுக்கு நிக்கிற?" என்று கேட்டான்.

"தலைவராகணும்னு ஆசையா இருக்கு."

"அது தெரியுது. எதுக்கு?"

"அதுக்குத்தான்."

வசந்தகுமார் கொஞ்சம் யோசித்தான். "தண்ணி வரல, அதுக்காக நிக்கிறேன்னு சொல்லு. கேக்குறதுக்கு நல்லா இருக்கும்."

"தண்ணியும் கொண்டாருவேன். ஆனா ஆசையாவும் இருக்குங்க. நூறு பிள்ளைகள ஒக்கார வச்சுச் சோறு போட்டு எழுப்புறேன். ராக்கண்ணனால கிராமசபையில இருவது பேர ஒக்கார வைக்க முடியல."

"நான் கம்பத்துல ஏறுறவன். கீழ நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் ஏறுறேன்."

"நீங்க ஏறயில நான் வேணாம்னு சொன்னேனா?"

வசந்தகுமார் எழுந்து போய்ப் போனைச் சார்ஜில் போட்டான்.

ரஞ்சிதா ராஜினாமா செய்தாள். அவளுக்குக் கிடைத்த சின்னம் கை உருளை. மண்ணைச் சமப்படுத்துகிற கருவி. ஊரில் அதைப் பார்த்தவர் யாருமில்லை. நோட்டீஸில் சப்பாத்திக்கட்டை மாதிரி இருந்தது. அப்படியே சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இருளாயி மதியம் பாத்திரம் கழுவிவிட்டு அவளோடு தெருத் தெருவாக நடந்தாள். வசந்தகுமார் லீவு போட்டு நோட்டீஸ் ஒட்டினான். மின்கம்பங்களில் மட்டும் ஒட்டவில்லை. அது விதிமீறல்.

போன வீட்டிலெல்லாம் நல்ல வரவேற்பு. "ஒங்கள மாதிரி வருமா டீச்சர்? எம்மகன் வீட்ல முட்டையத் தொடமாட்டான், அங்க ரெண்டு கேக்குறான்," என்றாள் ஒருத்தி. ரஞ்சிதா அதையெல்லாம் ஓட்டாக எடுத்துக்கொண்டாள்.

உண்ணாமலை ஜெயித்தாள். ரஞ்சிதா பக்கத்தில்கூட வரவில்லை. வெற்றி மாலையை ராக்கன் பழக்கத்தில் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்து கழற்றி மனைவிக்குப் போட்டார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் இருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்பலீங்களா டீச்சர்? பருப்பு அளந்து குடுக்கணும்."

"வேலையத்தான் விட்டுட்டேனேக்கா."

"அதான் எலெக்சன் முடிஞ்சிருச்சே?"

"விட்டா விட்டதுதான். திரும்பக் குடுக்க மாட்டாங்க."

இருளாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யய்யோ. நான் உண்ணாமலைக்குல்ல குத்துனேன்."

ரஞ்சிதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க செயிச்சுட்டா சத்துணவ யாரு பாக்குறது? தோத்தா வந்துருவீங்கன்னு எங்க தெருவே அப்படித்தான் போட்டுச்சு."

"எங்கூடத் தெருத் தெருவா நடந்தீங்களேக்கா."

"நடந்தது ஒங்களுக்காக. ஓட்டு பிள்ளைகளுக்காக."

இருளாயி பொய் சொல்லத் தெரியாதவள். ரஞ்சிதாவால் அவளைத் திட்ட முடியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். மதியம் பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் எழுந்து நின்றாள். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் வசந்தகுமார் வந்தான். "நான் ஒனக்குத்தான் போட்டேன்," என்றான்.

"தெரியும்."

"இன்னிக்குக் கம்பத்துல சேஃப்டி பெல்ட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டு ஏறுனேன்," என்றான். அதற்கு மேல் அவன் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் ராக்கன் ஆள் அனுப்பினார். ஊராட்சி ஆபீசில் உண்ணாமலைக்கு உதவியாக இருந்தால் மாதாமாதம் ஏதாவது கொடுப்பதாகச் சொன்னார். "அண்ணி வேலைய அண்ணி பாக்கட்டும்," என்று ரஞ்சிதா சொல்லிவிட்டாள்.

சித்திரையில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இடம் பிடித்து மதியச் சாப்பாட்டு மெஸ் திறந்தாள். வசந்தகுமாருக்குப் பயம்தான். ஆனாலும் வயரிங் வேலையை அவனே செய்து கொடுத்தான். முதல் வாரம் வந்தவர்கள் காரம் போதவில்லை என்றார்கள். வக்கீல் குமாஸ்தாக்களையும் காலேஜ் பையன்களையும் ரஞ்சிதா கை கழுவிவிட்டு வந்து வரிசையாக உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். கூட்டம் மெல்லச் சேர்ந்தது. மழைக்காலத்தில் குறையும். குறைகிற மாதங்களில் அவளுக்குத் தூக்கம் வராது.

தானும் மெஸ்ஸுக்கு வந்துவிடுவதாக இருளாயி ஒருநாள் சொன்னாள்.

"வேணாம்க்கா. ஒங்களுக்குப் பென்ஷன் இருக்கு. விட்றாதீங்க."

"நீங்க விட்டீங்களே?"

"நான் ஆசப்பட்டு விட்டேன். நீங்க எனக்காக விடாதீங்க."

உண்ணாமலையின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தண்ணீர் மேலத்தெரு வரைக்கும் வந்திருக்கிறது. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வசந்தகுமாரிடம் ரஞ்சிதா கேட்டாள்.

"மெஸ்ல சாப்புடுறவங்க யாருக்கும் நம்ம ஊர்ல ஓட்டு இல்லைல்ல?"

அவன் நிதானமாக யோசித்துப் பார்த்தான். "இல்ல."

"அப்ப நிக்கலாம்."

வசந்தகுமார் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான். தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கவில்லை.