புதன்கிழமைக் கார்டு

"அம்மா, அது கார்டும்மா! தண்ணி ஊத்தாதீங்க!"

கலியன் சொல்லி வாய் மூடவில்லை, கமலாம்பாள் சொம்பைக் கவிழ்த்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே கிடந்த கல்லின்மேல் அவன் வைத்த தபால் கார்டில் மஞ்சள் தண்ணீர் மடமடவென்று விழுந்தது. நீல மை கரைந்து கல்லில் வழிந்து மண்ணில் இறங்கியது.

"உனுக்கு இன்னாடா அவ்ளோ அக்கற? எங்க ஊட்டு லெட்டரு. நாங்க நனைப்போம், காய வைப்போம்."

"மை அழிஞ்சிடும்மா."

"ஊருக்கே காப்பு கட்டியிருக்குது. உன் கை பட்டத அப்டியே உள்ள எடுத்துக்கினு போவச் சொல்றியா? தள்ளி நில்லு."

கலியன் ஏற்கெனவே பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தான். காக்கிச் சட்டையும் தோளில் தபால் பையும் சர்க்கார் கொடுத்தவை. பத்தடி ஊர்த்தெரு கொடுத்தது. காலனியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. முதல் நாளே தெருவில் சட்டம் போட்டுவிட்டார்கள். தபாலைக் கல்லில் வைக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், விலகி நிற்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நாலு சொட்டு தெளித்துவிட்டு எடுத்துப் போவார்கள். திண்டிவனத்தில் அந்தப் பையைப் பிரித்தது யார், பஸ்ஸில் ஏற்றியது யார் என்று கமலாம்பாள் ஒருநாளும் கேட்டதில்லை. தீட்டெல்லாம் கடைசிக் கையில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

மற்ற நாளாக இருந்தால் நாலு சொட்டோடு போயிருக்கும். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதால் இன்று ஒரு சொம்பு.

அவள் கார்டை நுனிவிரலால் தூக்கி உதறினாள். எண்ணெய் மையில் குத்திய தபால் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அச்சிறுபாக்கம். அவள் மகள் ஜெயாவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

அந்தக் கார்டில் என்ன எழுதியிருந்தது என்று கலியனுக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் சிக்கல்.

தபால்காரனிடம் ஊரில் எல்லோரும் கேட்பது நாலைந்து கேள்விதான். மெட்ராஸிலிருந்து லெட்டர் வர எத்தனை நாளாகும், ஸ்டாம்பு ஒட்டாமல் போட்டால் போய்ச் சேருமா, வீட்டில் ஆள் இல்லையென்றால் யார் கையில் கொடுப்பாய். இவற்றுக்கெல்லாம் அவன் சளைக்காமல் பதில் சொல்வான். கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. "நீ படிச்சியா?" காலனியில் அதை ஆசையாகக் கேட்பார்கள், படித்துச் சொல்லட்டும் என்று. ஊர்த்தெருவில் அதே கேள்வி மிரட்டலாக வரும்.

ஆறு மாதத்துக்கு முன் கமலாம்பாளின் கணவர் சிவப்பிரகாசம் அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டார். அவருடைய நிலத் தகராறு டீக்கடைப் பேச்சாகிவிட்டது. தனக்கு வந்த கார்டைக் கலியன்தான் படித்துப் பரப்பினான் என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் கலியனிடம் எழுதி வாங்கிக்கொண்டார்: இனி எவர் கார்டையும் படிக்க மாட்டேன், படித்ததாகத் தெரிந்தால் வேலையை விட்டு நீக்கச் சம்மதிக்கிறேன்.

அன்றிலிருந்து அவன் விலாசத்தை மட்டும் பார்ப்பான், கார்டைத் திருப்ப மாட்டான். ஆனால் ஜெயா இந்தக் கார்டில் இடம் போதாமல் விலாசத்துக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் தொடர்ந்திருந்தாள். "என்னைத் தேட வேண்டாம்" என்ற வரி விலாசத்தோடு சேர்ந்தே கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு திருப்பிப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. எவனால்தான் முடியும்?

"ஏங்க, ஜெயா லெட்டர் போட்டிருக்குது. கண்ணாடிய எடுத்துக்கினு வாங்க!"

சிவப்பிரகாசம் வந்தார். நாற்பது ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். இந்த வருஷத் திருவிழா தர்மகர்த்தா என்பதால் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. கார்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே மையா கீது. இரு... 'புதன்கிழமை காலை'... அப்பால 'பஸ்'... இங்க 'வந்து'..." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "கமலம்! நாளைக்குக் காலைல பஸ்ஸுல வர்றாங்கடி! தேருக்கு மாப்ளையக் கூட்டிக்கினு வர்றா!"

"நெஜமாவா? ரெண்டு வருஷமா அனுப்பாத மனுசங்க! அந்த மாரியாத்தாதான் கண்ண தொறந்திருக்கா." கமலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதிரசத்துக்கு மாவு இடிக்கணும். ஜெயாவுக்கு உசுரு."

கலியன் பையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி முன்னே வைத்தான்.

"ஐயா... அது வேற மாதிரி எதுனா இருக்கப் போவுதுங்க. யாரையாச்சும் அனுப்பி ஒரு தபா பாத்துட்டு வந்தா..."

சிவப்பிரகாசம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏண்டா, நீ படிச்சியா?"

தெருவில் வெயில் தகித்தது. "இல்லீங்க" என்றான் கலியன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

மிச்சத் தபாலைக் கொடுத்து முடித்துவிட்டு அவன் நேரே உப்பளத்துக்கு நடந்தான். அவன் மனைவி ராசம்மாள் சிவப்பிரகாசத்தின் அளத்தில்தான் உப்புச் சுமந்துகொண்டிருந்தாள். பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. கூடையை உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு அவள் வரப்புக்கு வந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கலியன் எல்லாவற்றையும் சொன்னான்.

"யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அவள் சீறினாள். "எழுதிக் குடுத்துட்டு வந்தியே, மறந்துட்டியா? உன் வேலையும் போவும், அவரு அளத்துல என் வேலையும் போவும். அவங்கதான கழுவுனாங்க? அவங்களே அனுபவிக்கட்டும்."

"அதான் நானும் வாயத் தொறக்கல."

"பின்ன இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற?"

ராசம்மாள் கூடையை எடுத்தாள். இரண்டடி போனாள். திரும்பினாள்.

"எத்தினி மணி வரைக்கும் நிப்பேன்னு எழுதியிருக்குது அந்தப் பொண்ணு?"

"இருட்டுற வரைக்கும்."

"கையில காசு?"

"இல்லியாம்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "நீயே போய்க் கூட்டியாறலாம்னு மட்டும் நெனைக்காத. காலனிக்காரன் அந்தத் தெருப் பொண்ணோட பஸ்ஸுல வந்து எறங்குனா ரெண்டு பேரயும் வெட்டிப் போட்டுடுவாங்க. போய் அந்தம்மாகிட்ட சொல்லு. பெத்தவ. வேலைக்கு இன்னா, கூனிமேட்டுப் பக்கம் போய் மீன் கூடை தூக்கிக்கலாம்."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கலியனுக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் மறுபடி ஊர்த்தெருவுக்கு வந்தான். தபால் பை இல்லாமல் அவன் அந்தத் தெருவில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. உடுக்கைச் சத்தத்தோடு கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. சிவப்பிரகாசம் வீட்டில் வெல்லப்பாகு மணத்தது.

"ஐயா! அம்மா!"

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கலியன் கேட்டை நெருங்கினான்.

"டேய், அங்கியே நில்லு!" என்றார் சிவப்பிரகாசம். "காப்பு கட்டுன ஊடு. இன்னா வேணும்? அங்கேந்து சொல்லு."

"கிட்ட வந்து சொல்ற விஷயமுங்க."

"அங்கேந்து சொல்லுடா!"

சரி என்று அவன் அங்கிருந்தே சொன்னான். உடுக்கைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே, கத்தித்தான் சொன்னான்.

"நான் அந்தக் கார்ட படிச்சேங்க! பாப்பா தேருக்கு வரலீங்க. அந்த ஊட்டுல இனிமே இருக்க முடியாதுன்னு எழுதியிருக்குது. நகை பத்தலன்னு அடுப்புக் கட்டையால முதுகுல சுட்டுட்டாங்களாம். நாளைக்குக் காலைல அச்சிறுபாக்கம் பஸ் நிக்கிற எடத்துல வந்து நிக்குதாம். அப்பா வந்து கூட்டிக்கினு போவணுமாம். கையில காசு இல்லியாம். இருட்டுற வரைக்கும் பாக்குமாம். யாரும் வரலன்னா, அதுக்கு அப்பால என்னத் தேட வேணாம்னு எழுதியிருக்குதுங்க!"

எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். கமலாம்பாளின் மாவுக் கை அந்தரத்தில் நின்றது. அவள் வாசற்படி இறங்கி, கேட்டைத் திறந்து, தெருவுக்கு வந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

"அம்மா..."

"முதுகுலன்னா எழுதியிருந்தா? என் பொண்ணு அப்டியே எழுதியிருந்தாளா? சொல்லு கலியா, ஒரு எழுத்து வுடாம சொல்லு. நான்தான் ஊத்துனேன். என் கையாலயே ஊத்தி அழிச்சேன்."

அவன் சொன்னான். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னான், அவள் மூன்றடி தூரத்தில் நின்றிருந்ததால்.

சிவப்பிரகாசத்துக்கு முதலில் வந்த வார்த்தை மகளைப் பற்றியது அல்ல. "அப்ப படிச்சிருக்க" என்றார். பிறகு அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. "தேரு ஓடுற வரைக்கும் காப்பு கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை முடியட்டும், போய்ப் பேசிக்கலாம்."

"வெள்ளிக்கிழமையா?" கமலாம்பாள் திரும்பினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. "காப்பு உங்க கையிலதான கீது. என் கையில இல்ல. நான் போறேன்."

விடிகாலை முதல் பஸ்ஸில் அவள் தன்னந்தனியாகப் போனாள். திண்டிவனத்தில் பஸ் மாறக்கூடத் தெரியாதவள், நாலு பேரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் ஜெயாவோடு இறங்கினாள். பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள். ரவிக்கை முதுகில் படாமலிருக்கக் கூனிக்கொண்டே நடந்தாள். உயிரோடு வந்துவிட்டாள் என்பது போதும்.

தேர் ஓடி முடிந்து பத்து நாள் கழித்து, கலியன் தபால் ஆபீசுக்குப் போனபோது போஸ்ட் மாஸ்டர் அருள்பிரகாசம் பையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு பழுப்புக் காகிதம்.

"உன் மேல கம்ப்ளெயிண்ட்பா" என்றார். "சிவப்பிரகாசம் போட்டிருக்காரு. ரெண்டு குற்றம். ஒண்ணு, அவங்க ஊட்டுக் கார்ட நீ படிச்ச. ரெண்டு, குடும்ப விஷயத்த தெருவே கேக்க கத்தி மானத்த வாங்கிட்ட. மூணு நாள்ல விளக்கம் குடுக்கணுமாம்."

"பாப்பா நல்லா இருக்குதா சார்?"

"மாதா கிருபையில நல்லா இருக்குது. ஞாயித்துக்கிழம அந்தம்மாவோட பார்த்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதக் கேளு. படிக்கலன்னு எழுதிடு. கார்டு அழிஞ்சிபோச்சு, தெருவுல கேட்டவங்களும் இதுக்கு சாட்சி சொல்ல வர மாட்டாங்க. யாரோ அச்சிறுபாக்கத்துக்காரன் சொன்னான், நான் வந்து சொன்னேன்னு எழுது. நான் பாத்துக்குறேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சினுகீற."

நல்ல மனுஷர். நல்லதற்குத்தான் சொன்னார். கலியன் காகிதத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ராசம்மாளை அளத்து வேலையிலிருந்து நிறுத்தி ஒரு வாரமாகிவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் இந்த வேலையாவது மிஞ்சும். கேட்டுக்கு முன்னால் ஒருதடவை சொன்ன அதே 'இல்லீங்க'தான். இன்னொரு தடவை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை.

நிதானமாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினான். அருள்பிரகாசம் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத அனுப்புனா வேலை போயிடும்பா."

"அனுப்புங்க சார்."

காகிதத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"ஐயா, இரண்டு குற்றமும் உண்மை. கார்டைப் படித்தேன். என் கையிலிருந்து வாங்கியிருந்தால் அவர்களே படித்திருப்பார்கள். தெருவில் கத்தினேன். கிட்டே வர விட்டிருந்தால் காதோடு சொல்லியிருப்பேன்."